இரட்டை கிராபிக்ஸ் கார்டுகள்: வெப்பம் இரட்டிப்பாவது உறுதி, வேகம்?

ஒரே கணினியில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைப் பொருத்தினால், அவற்றின் மின்நுகர்வும் வெப்பமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனால், வேகமும் இரட்டிப்பாகுமா என்பது அக்கணினியில் செய்யப்படும் பணியைப் பொறுத்தே அமையும். நிர்ணயிக்கப்பட்ட அளவுக்கு மேல் கார்டுகளை விரைவாக இயக்கும் 'ஓவர்கிளாக்கிங்' முறையும் இதனுடன் சேர்ந்தால், கூடுதலாகக் கிடைக்கும் வேகத்தைக் காட்டிலும் கூடுதலாக வெளியாகும் வெப்பமே அதிகமாக இருக்கும்.

கணினி விளையாட்டு ஆர்வலர்களிடம் தொடங்கிய இவ்வழக்கம், இப்போது அனிமேஷன் கலைஞர்கள், காணொலித் தொகுப்பாளர்கள், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே இயக்க விரும்பும் மாணவர்கள், சிறு நிறுவனங்கள் ஆகியோரிடமும் காணப்படுகிறது. தில்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை, சென்னை ரிச்சி தெரு போன்ற கணினிச் சந்தைகளில் விலை விசாரிப்போருக்கு, புதிய உயர்ரகக் கார்டு ஒன்றை வாங்குவதைவிட, இருக்கும் கார்டுக்குத் துணையாகப் பழைய கார்டு ஒன்றைச் சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அம்முடிவை எடுப்பதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவை குறித்த விளக்கம் வருமாறு:

இரட்டைக் கார்டு முறையின் வரலாறு

இரண்டு கார்டுகளை இணைத்து ஒரே காட்சியை உருவாக்கும் முறையை, 1998-ஆம் ஆண்டு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் தனது 'வூடூ 2' கார்டின் மூலம் பரவலாக அறிமுகப்படுத்தியது. திரையின் கிடைக்கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு கார்டுகளும் பகிர்ந்துகொண்டு வரைந்தன. 'எஸ்எல்ஐ' என்று அழைக்கப்பட்ட அம்முறையின் பெயரை, பின்னர் 3டிஎஃப்எக்ஸின் தொழில்நுட்பச் சொத்துகளை வாங்கிய என்விடியா நிறுவனம், 2004-ஆம் ஆண்டில் வேறொரு விரிவாக்கத்துடன் மீண்டும் பயன்படுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டில் ஏடிஐ நிறுவனம் 'கிராஸ்ஃபயர்' என்ற போட்டித் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது.

இவ்விரு முறைகளிலும் பெரும்பாலும் முதல் பிரேமை ஒரு கார்டும், அடுத்த பிரேமை மற்றொரு கார்டும் மாறி மாறி உருவாக்கின. விநாடிக்கு உருவாகும் பிரேம்களின் எண்ணிக்கை உயர்ந்தபோதிலும், பிரேம்களுக்கு இடையேயான கால இடைவெளி சீராக அமையாததால் காட்சி லேசாகத் தடுக்கித் தடுக்கி நகர்வதுபோல் தோன்றியது. பின்னாளில் வந்த விளையாட்டுகள், முந்தைய பிரேமின் தரவைக் கொண்டே அடுத்த பிரேமை மெருகேற்றத் தொடங்கின. இதனால், ஒரு கார்டு மற்றொரு கார்டின் பணி முடியும்வரை காத்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டு, இரட்டைக் கார்டின் பயன் குன்றியது.

2015-இல் வெளியான டைரக்ட்எக்ஸ் 12, 2016-இல் வெளியான வல்கன் ஆகிய இடைமுகங்கள், பல கார்டுகளைக் கையாளும் பொறுப்பை விளையாட்டை உருவாக்குவோரிடம் ஒப்படைத்தன. அதற்காகக் கூடுதல் உழைப்பைச் செலவிட மிகச் சில நிறுவனங்களே முன்வந்தன. ஜிபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 2020-இல் வெளியான கார்டுகளில், ஆர்டிஎக்ஸ் 3090 கார்டில் மட்டுமே இரு கார்டுகளை நேரடியாக இணைக்கும் வசதி இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் பழைய கார்டுகளுக்கான எஸ்எல்ஐ டிரைவர் அமைப்புகளைப் புதிதாகச் சேர்க்கப் போவதில்லை என்று என்விடியா அறிவித்தது. 2022-இல் வெளியான ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் அந்த இணைப்பு வசதியே இடம்பெறவில்லை. எனவே, விளையாட்டுக்காக மட்டும் இரண்டாவது கார்டு வாங்குவது இன்றைய நிலையில் பயனற்ற செலவாகும்.

எந்தப் பணிக்குப் பயன்படும்?

ஒன்றையொன்று சாராத பகுதிகளாகப் பிரிக்கக்கூடிய பணிகளில் இரண்டாவது கார்டு உண்மையான பலனைத் தரும். பிளெண்டர் மென்பொருளின் 'சைக்கிள்ஸ்' போன்ற காட்சி உருவாக்கக் கருவிகள், ஒரு காட்சியின் பகுதிகளை இரு கார்டுகளுக்கும் பகிர்ந்தளிப்பதால், பணி நேரம் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். இதற்குக் கார்டுகளுக்கு இடையே தனி இணைப்புப் பட்டை தேவையில்லை.

நினைவகத்தைப் பொறுத்தவரை ஒரு முக்கிய வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். 8 ஜிபி நினைவகம் கொண்ட இரு கார்டுகளை எஸ்எல்ஐ முறையில் இணைத்தாலும் 16 ஜிபி கிடைக்காது. ஒரே தரவு இரு கார்டுகளிலும் படியெடுக்கப்படுவதால், பயன்படுத்தத்தக்க அளவு 8 ஜிபி மட்டுமே. காட்சி உருவாக்கத்திலும் பொதுவாக முழுக் காட்சியும் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியே அடங்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் இதற்கு விலக்கு. மாதிரியின் அடுக்குகளில் ஒரு பகுதியை முதல் கார்டிலும், எஞ்சியதை இரண்டாவது கார்டிலும் வைக்க இயலும். சான்றாக, 7,000 கோடி அளவுருக்கள் கொண்ட ஒரு மாதிரியை 4 பிட் அளவுக்குச் சுருக்கினால், அதற்கு மட்டும் ஏறத்தாழ 35 ஜிபி இடம் தேவை. 24 ஜிபி கார்டு ஒன்றில் அது அடங்காது, இரண்டில் அடங்கும். வீட்டுக் கணினியில் இரட்டைக் கார்டுக்கு மீண்டும் மவுசு ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதர்போர்டையும் கவனிக்க வேண்டும். சாதாரண மேசைக் கணினிகளின் பிராசசர்கள் கிராபிக்ஸ் கார்டுக்கென 16 பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களையே வழங்குகின்றன. இரு கார்டுகளுக்கும் தலா 8 தடங்களாக அவற்றைப் பிரித்தளிக்கும் வசதி எல்லா மதர்போர்டுகளிலும் இல்லை. இரண்டு நீண்ட ஸ்லாட்கள் இருப்பதாலேயே இரண்டும் ஒரே வேகத்தில் இயங்கும் என்று கருதிவிடக் கூடாது.

வெப்பம் உருவாகும் விதம்

கிராபிக்ஸ் கார்டு பெறும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. ஆர்டிஎக்ஸ் 3090 கார்டின் நிர்ணயிக்கப்பட்ட மின்நுகர்வு 350 வாட். ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட். 2025-இல் வெளியான ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 575 வாட். 350 வாட் கார்டுகள் இரண்டும் முழுவீச்சில் இயங்கினால் 700 வாட். பிராசசர், பிற பாகங்கள், எஸ்எம்பிஎஸ் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 1,000 வாட்டை எட்டும். அதாவது, அறையின் மூலையில் 1,000 வாட் மின்அடுப்பு ஒன்றை அணைக்காமல் வைத்திருப்பதற்கு இது சமம். ஒரு டன் குளிர்சாதனத்தின் குளிரூட்டும் திறன் சுமார் 3,500 வாட். அதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இக்கணினிக்கே செலவாகிவிடும்.

ஓவர்கிளாக்கிங்கின் விளைவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விதி உண்டு. சிப்பின் இயக்க மின்நுகர்வு, அதன் அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் அமையும். அதிர்வெண்ணை 10 விழுக்காடு உயர்த்த, மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு கூட்ட நேர்ந்தால், மின்நுகர்வு 33 விழுக்காடு அதிகரிக்கும். 350 வாட் கார்டு ஏறத்தாழ 465 வாட்டை ஈர்க்கும். இரு கார்டுகளிலும் சேர்த்து 230 வாட் கூடும். இதற்கு ஈடாகக் கிடைக்கும் வேகம் 10 விழுக்காட்டைத் தாண்டாது. நினைவகத்தின் வேகத்தை நம்பியிருக்கும் பணிகளில் அதுவும் கிடைக்காது.

இதே விதி எதிர்த்திசையில் பயனருக்குச் சாதகமாகிறது. அதிர்வெண்ணை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் 10 விழுக்காடு குறைக்க முடிந்தால், இயக்க மின்நுகர்வு 19 விழுக்காடு குறையும். 'அண்டர்வோல்டிங்' எனப்படும் இம்முறையே இரட்டைக் கார்டு கணினிகளுக்கு மிகவும் ஏற்றது.

மேல் கார்டு ஏன் அதிகம் சூடாகிறது?

வழக்கமான கேபினட்டில் இரு கார்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைமட்டமாகப் பொருத்தப்படுகின்றன. மேல் கார்டின் விசிறிகள் கீழ்நோக்கி அமைந்திருப்பதால், கீழ்க் கார்டின் சூடான பின்தகட்டுக்கு மிக அருகிலிருந்தே காற்றை இழுக்கின்றன. இடைவெளி ஓரிரு சென்டிமீட்டராக இருந்தால் போதிய காற்றே கிடைக்காது. கிடைப்பதும் கீழ்க் கார்டு ஏற்கெனவே சூடாக்கி அனுப்பிய காற்றாகவே இருக்கும். இதனால் மேல் கார்டு, கீழ்க் கார்டைவிட 10 டிகிரி செல்சியஸுக்கும் மேலாகச் சூடாவது உண்டு.

கார்டுகளின் குளிரூட்டும் வடிவமைப்பு இரு வகைப்படும். பல விசிறிகள் கொண்ட திறந்தவெளி வகை, வெப்பக் காற்றைக் கேபினட்டுக்குள்ளேயே நான்கு புறமும் தள்ளுகிறது. தனிக் கார்டுக்கு இது அமைதியானதும் திறன் வாய்ந்ததும் ஆகும். ஒற்றைச் சுழல் விசிறி கொண்ட 'புளோயர்' வகை, வெப்பக் காற்றைக் கேபினட்டின் பின்புறம் வழியாக வெளியேற்றிவிடுகிறது. இதன் இரைச்சல் அதிகம் என்றாலும், அடுத்தடுத்துப் பொருத்தப்படும் கார்டுகளுக்கு இதுவே பொருத்தமானது.

வெப்பநிலை எல்லையை எட்டும்போது கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆர்டிஎக்ஸ் 3090-க்கு இந்த உச்ச வரம்பு 93 டிகிரி. 4090-க்கு 90 டிகிரி. பணியை இரு கார்டுகளும் ஒரே சீராகச் செய்ய வேண்டிய பயன்பாடுகளில், சூடான கார்டின் குறைந்த வேகமே மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும். சிப்பின் வெப்பநிலை சீராகத் தெரிந்தாலும், நினைவகச் சிப்கள் அதைவிட அதிகம் சூடாகியிருக்கலாம். ஆர்டிஎக்ஸ் 3090-இல் நினைவகச் சிப்களில் பாதி கார்டின் பின்புறத்தில் உள்ளன. விசிறிகள் நேரடியாகக் குளிரூட்டாத பக்கம் அது.

இந்தியக் கோடையின் தாக்கம்

சமவெளிப் பகுதிகளில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியை எட்டும்போதே வெப்ப அலையை அறிவிப்பது குறித்து இந்திய வானிலை ஆய்வுத் துறை பரிசீலிக்கிறது. வட, மத்திய இந்திய நகரங்களில் கோடையில் இந்த அளவு வழக்கமானது. கணினியைக் குளிர்விப்பது அறையின் காற்றே என்பதால், அறை வெப்பநிலை உயரும் அளவுக்குக் கார்டின் வெப்பநிலையும் உயரும்.

25 டிகிரி அறையில் 75 டிகிரியில் இயங்கும் ஒரு கார்டு, சுற்றுப்புறத்தைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது. விசிறி வேகமும் பணிச்சுமையும் மாறாதிருந்தால், 40 டிகிரி அறையில் அதே கார்டு 90 டிகிரியைத் தொட்டுவிடும். தில்லியின் ஜனவரிக் குளிரில் சோதித்துப் பார்த்து நிர்ணயித்த ஓவர்கிளாக் அளவு, மே மாதத்தில் கணினியை முடக்குவதன் காரணம் இதுவே. குளிர் நாடுகளில் பதிவு செய்யப்பட்ட சோதனை முடிவுகளை அப்படியே இங்கு எதிர்பார்ப்பதும் பொருந்தாது.

தூசி மற்றொரு சிக்கல். வடிகட்டிகளிலும் ஹீட் சிங்க் இதழ்களுக்கு இடையிலும் படியும் தூசி, காற்றோட்டத்தைச் சிறுகச் சிறுகக் குறைக்கிறது. சாலையோர வீடுகளிலும் கட்டுமானப் பணிகள் நடைபெறும் பகுதிகளிலும் வடிகட்டிகளை மாதம் ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது. மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில், நீரை அறை வெப்பநிலைக்கும் கீழாகக் குளிர்விக்கும் கருவிகளைப் பயன்படுத்தினால், குழாய்களிலும் கார்டின் மீதும் நீர்த்துளிகள் படிந்து மின்கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. ரேடியேட்டர் வழியாக அறைக் காற்றால் மட்டும் குளிர்விக்கப்படும் சாதாரண நீர்க்குளிரூட்டலில் இந்த ஆபத்து இல்லை.

வெப்பத்தைக் குறைக்கும் வழிமுறைகள்

அளவீடே முதல் படி. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், ஜிபியு-இசட் போன்ற இலவச மென்பொருள்கள், ஒவ்வொரு கார்டின் வெப்பநிலை, மின்நுகர்வு, விசிறி வேகம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும். கேபினட்டை மூடிய நிலையில் முழுச் சுமையுடன் குறைந்தது அரை மணி நேரம் இயக்கிய பின்னரே அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்து பார்க்கலாம். வெப்பநிலை கணிசமாகக் குறைந்தால், குறை கார்டில் அல்ல, கேபினட்டின் காற்றோட்டத்தில் உள்ளது என்பது உறுதியாகும்.

இரண்டாவது படி, மின்வரம்பைக் குறைப்பது. மின்வரம்பை 100 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாகக் குறைத்தாலும், வேகம் அதே விகிதத்தில் குறைவதில்லை. உயர்ரகக் கார்டுகளில் இழப்பு பெரும்பாலும் ஒற்றை இலக்க விழுக்காட்டிலேயே நின்றுவிடும். 350 வாட் கார்டுகள் இரண்டில் இது 140 வாட் வெப்பத்தை மிச்சப்படுத்தும். இதற்குச் செலவு ஏதுமில்லை; எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

மூன்றாவது, காற்றோட்டம். 700 வாட் வெப்பத்தை, காற்றின் வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் உயராத வகையில் வெளியேற்ற, விநாடிக்கு ஏறத்தாழ 60 லிட்டர் காற்று கேபினட் வழியாகச் செல்ல வேண்டும். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று தடையற்ற வெளியில் விநாடிக்குச் சுமார் 25 லிட்டர் காற்றைத் தள்ளக்கூடும். வடிகட்டியும் வலைத்தகடும் குறுக்கிடும்போது அந்த அளவு வெகுவாகக் குறையும். ஆகவே, முன்புறம் குறைந்தது மூன்று விசிறிகள் காற்றை உள்ளிழுக்கவும், பின்புறமும் மேற்புறமும் உள்ள விசிறிகள் வெளியேற்றவும் வேண்டும். முன்புறம் கண்ணாடித் தகட்டால் மூடப்பட்ட கேபினட்டுகளும், மேசையின் மூடிய அறைக்குள் கேபினட்டை வைப்பதும் இதற்கு உதவா.

நான்காவது, இடைவெளி. ஸ்லாட்களுக்கு இடையே போதிய தொலைவுள்ள மதர்போர்டைத் தேர்ந்தெடுப்பது அல்லது தரமான ரைசர் கேபிள் மூலம் ஒரு கார்டைத் தள்ளிப் பொருத்துவது, பல விசிறிகளைச் சேர்ப்பதைவிடப் பயனளிக்கக்கூடும். சற்றுக் குளிர்ச்சியாக இயங்கும் கார்டை மேலே வைப்பதும் பயன் தரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓவர்கிளாக்கிங் செய்ய விரும்புவோர், ஒரு நேரத்தில் ஒரு கார்டை மட்டும் 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் சிறு படிகளாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டும். திரையில் புள்ளிகளும் கோடுகளும் தோன்றுவது எல்லையைத் தாண்டியதற்கான அறிகுறி. கணக்கீட்டுப் பணிகளில் இத்தகைய எச்சரிக்கைகூடக் கிடைக்காமல் போகலாம்; கணினி நிற்காமலேயே தவறான விடையைத் தந்துவிடக்கூடும். பல நாள்கள் இயங்கும் மாதிரிப் பயிற்சியிலோ, வாடிக்கையாளருக்கான அனிமேஷன் பணியிலோ இத்தகைய பிழை இறுதியில்தான் தெரியவரும். உயர் வெப்பமும் உயர் மின்னோட்டமும் சிப்பின் நுண்கம்பிகளில் உள்ள அணுக்களை மெல்ல இடம்பெயரச் செய்து, அதன் ஆயுளையும் குறைக்கின்றன.

மின் இணைப்பில் கவனம்

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரையிலும், 6 முனை இணைப்பு 75 வாட், 8 முனை இணைப்பு 150 வாட் வரையிலும் மின்சாரம் வழங்க வடிவமைக்கப்பட்டவை. புதிய 16 முனை இணைப்பு 600 வாட் வரை வழங்கும். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 பயனர்கள் சிலரின் 16 முனை இணைப்புகள் உருகியதாகத் தகவல்கள் வெளியாயின. இணைப்பு முழுமையாகச் செருகப்படாததே பொதுவான காரணம் என்று என்விடியா தெரிவித்தது. பின்னர் அந்த இணைப்பின் வடிவமைப்பு திருத்தப்பட்டது. ஒவ்வோர் இணைப்பும் இறுதிவரை செருகப்பட்டுள்ளதா என்பதைப் பார்ப்பதும், ஒரே கேபிளைக் கிளை பிரித்து இரு கார்டுகளுக்கும் தராமல் தனித்தனிக் கேபிள்களைப் பயன்படுத்துவதும் அவசியம்.

கார்டுகளின் மின்தேவை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் திடீரெனப் பாய்ந்து உயரும். இதைக் கருத்தில் கொண்டே, ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை, எஸ்எம்பிஎஸ் தனது திறனைப்போல் இருமடங்கு சுமையை 100 மைக்ரோ விநாடிகளுக்குத் தாங்க வேண்டும் என்று வரையறுத்துள்ளது. சராசரித் தேவை 1,000 வாட்டை நெருங்கும் கணினிக்கு 1,200 வாட்டுக்கும் குறைவான எஸ்எம்பிஎஸ் போதாது.

வீட்டு மின் இணைப்பும் இதே அளவு முக்கியமானது. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் சாக்கெட்டின் உச்சத் திறன் 1,380 வாட் மட்டுமே. ஓவர்கிளாக் செய்யப்பட்ட இரட்டைக் கார்டு கணினி, மானிட்டருடன் சேர்ந்து இந்த எல்லையை நெருங்கிவிடும். தளர்ந்த சாக்கெட்டிலும் மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் இத்தகைய சுமையை மணிக்கணக்கில் ஏற்றுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். முறையான எர்த் இணைப்புடன் கூடிய 16 ஆம்பியர் சாக்கெட்டைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. வீடுகளில் பரவலாகக் காணப்படும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்டை மட்டுமே தாங்கும் என்பதால், இக்கணினிக்கு அது உதவாது.

பழைய கார்டு வாங்குவோருக்கு

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் கிரிப்டோ நாணய வலையமைப்பு, கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு நாணயம் ஈட்டும் முறையைக் கைவிட்டது. அதன்பின் அப்பணியில் இருந்த கார்டுகள் பெருமளவில் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. இரவும் பகலும் இயங்கிய கார்டுகளில் விசிறிகளின் தேய்மானமும், தெர்மல் பேஸ்ட், நினைவகச் சிப்களின் மீதுள்ள தெர்மல் பேட் ஆகியவற்றின் உலர்வும் எதிர்பார்க்கத்தக்கவை. வாங்கும் முன் கார்டை முழுச் சுமையில் இயக்கி, வெப்பநிலையையும் விசிறிகளின் ஒலியையும் நேரில் கவனிக்க வேண்டும். உத்தரவாதக் காலம் எஞ்சியுள்ளதா, கார்டின் பயாஸ் மாற்றப்பட்டுள்ளதா என்பதையும் உறுதி செய்துகொள்வது நல்லது.

செலவும் மாற்று வழிகளும்

1,000 வாட் மின்சாரத்தை நாளொன்றுக்கு 8 மணி நேரம் பயன்படுத்தினால் 8 யூனிட். மாதத்துக்கு 240 யூனிட். அந்த வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றக் குளிர்சாதனம் ஈர்க்கும் மின்சாரம் தனி. பல மாநிலங்களில் வீட்டு மின்கட்டணம் பயன்பாட்டு அளவுக்கேற்பப் படிப்படியாக உயர்வதால், இந்தக் கூடுதல் யூனிட்டுகள் உயர் கட்டண அடுக்கில் சேரும்.

எப்போதாவது மட்டும் பெரிய கணக்கீடு தேவைப்படுவோருக்கு வாடகைக் கணினித் திறன் சிக்கனமாக அமையக்கூடும். மத்திய அமைச்சரவை 2024 மார்ச் மாதம் ரூ.10,371.92 கோடி மதிப்பில் ஒப்புதல் அளித்த 'இந்தியாஏஐ' இயக்கம், 10,000-க்கும் மேற்பட்ட கிராபிக்ஸ் பிராசசர்களைக் கொண்ட கணினிக் கட்டமைப்பை உருவாக்கி, புத்தொழில் நிறுவனங்கள், ஆய்வாளர்கள், மாணவர்களுக்கு வழங்குவதை நோக்கமாகக் கொண்டது.

நாள்தோறும் பயன்படுத்துவோர், செய்யவிருக்கும் பணி இரு கார்டுகளுக்கும் பிரியக்கூடியதா, ஒரே கார்டில் அடங்காத நினைவகத் தேவை உண்டா, அறையின் காற்றும் வீட்டின் மின் இணைப்பும் கூடுதல் சுமையைத் தாங்குமா ஆகிய மூன்றையும் முதலில் உறுதி செய்ய வேண்டும். மூன்றும் சாதகமாக இருந்தால் இரண்டாவது கார்டு பயன் தரும். அந்நிலையிலும், இந்தியத் தட்பவெப்பத்தில் இரு கார்டுகளையும் ஆண்டு முழுவதும் தடையின்றி இயக்க, ஓவர்கிளாக்கிங்கைவிட மின்னழுத்தத்தையும் மின்வரம்பையும் குறைத்து இயக்குவதே ஏற்ற வழியாகும்.